புது ஆள் வருமுன் வடிகால் வெட்டுங்கள்

இந்த முறை பாடம் வேலையிடத்தைப் பற்றியது. குழுவுக்குப் புதுசா ஒருத்தர் வரப்போறார்னா நாம என்ன தயார் செய்கிறோம்? பெரும்பாலும் ஒரு கேக், வாட்சப்பில் ஒரு 'வெல்கம்'. அதோடு சரி.

பெடாஸ் மாதிரி நெகிரி செம்பிலான் தோட்டப்பகுதிகளில் வளர்ந்த நமக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு ஒன்று தெரியும். அதுதான் கங்காணி முறை. தோட்டத்திலேயே வேலை செய்த ஒருவர் உரிமம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார். உறவு, தெரிந்தவர் என்று ஆட்களைத் திரட்டி வருவார். 1907 சட்டத்தால் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் கட்டிய பணத்தில் கப்பல் கூலி போனது. வந்து இறங்கியவர்கள் சில நாள் தனிமை முகாமில் இருந்துவிட்டு, தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தெரிந்த முகம், தெரிந்த மொழி, தங்க இடம், கையில் வேலை. கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால் கங்காணிக்குத் 'தலைக்காசு' என்று ஒன்று உண்டு. அவர் ஆட்களில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு. அப்படியென்றால் புதுசா வந்தவன் காய்ச்சலில் படுத்தால் நஷ்டம் யாருக்கு? அவனுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளுக்கு! விடிகாலைப் பெரட்டில் அவனை எழுப்பி நிறுத்த வந்தவரும் அவரே.

அந்தக் காய்ச்சல் சாதாரணமானது இல்லை, மலேரியா. ரப்பருக்காகக் காட்டை அழித்த மலைச்சரிவுகளில், வெயில் படும் தெளிந்த ஓடைகளில் ஒருவகை அனோபிலஸ் கொசு பெருகியது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் அங்கே சதுப்பு நிலத்தில் வடிகால் அமைக்க வைத்தார், மலேரியா குறைந்தது. பிறகு மலைத்தோட்டங்களில் ஓடைகளை நிலத்தடிக் குழாய்க்குள் விடுவது, எண்ணெய் தெளிப்பது என்று முறைகள் வந்தன. என்னைக் கேட்டால், மாலையைவிட அந்த வடிகால்தான் வரவேற்பு. ஆள் வருவதற்கு முன்பே இடத்தைச் சரிசெய்வது.

இப்போது நம் வேலையிடத்துக்கு வருவோம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் முதலாளியின் கடமை என்கிறது. பெர்கேசோவில் புதியவரை 30 நாளுக்குள் பதிய வேண்டும். பாரம் நிரப்புவது மனிதவளப் பிரிவின் வேலை. நம்ம வேலை வேற. பாதுகாப்புக் காலணியின் அளவை முன்கூட்டியே கேட்டீர்களா? அவசர நிறுத்தப் பொத்தானைக் காட்டிவிட்டு, அவரையே ஒருமுறை அழுத்தச் சொன்னீர்களா? (தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தம் இல்லை. முதல் வாரம் எல்லாரும் தலையாட்டுவார்கள்.) துணைக்கு ஒருவரைப் போடும்போது, அன்றைய உற்பத்தி இலக்கு யார் தலையில் இருக்கிறதோ அவரைப் போடாதீர்கள். அது பழைய தலைக்காசுதான்.

வருகிறவர் நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வரலாம். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்திருக்கலாம். நம் கொள்ளுத்தாத்தா இறங்கிய அதே வரிசை அது.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்: உங்கள் வேலையிடத்தில் புதியவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவர் யாரிடம் சொல்வார்? அன்றைக்கு அவர் வராவிட்டால் அந்த ஆளுக்கு என்ன குறையும்?