வெளிநாட்டு வேளாண் படிப்பு: நம் நிலத்துக்கு என்ன பயன்?

வேளாண்மைப் பட்டம் பெற்ற பிள்ளை மேற்படிப்புக்கு வெளிநாடு போகக் கேட்டால், வாசுதேவநல்லூர் வட்டாரத்துச் சிறு விவசாயிக்கு முதலில் நினைவுக்கு வருவது கையிலிருக்கும் நிலம்தான். அதை விற்பதா, அடமானம் வைப்பதா என்று யோசிக்கும் முன், அங்கே படிப்பது இங்கே எதற்கு உதவும் என்று பார்க்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதனின் மாணவப் பருவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த அவர் கோவை வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர். 1949-ல் யுனெஸ்கோ உதவித்தொகையில் நெதர்லாந்து நாட்டின் வாகனிங்கன் நகருக்குச் சென்றார். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு அங்கே பெருந்தொல்லை. இதன் முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். காட்டு உருளை இனங்களில் உள்ள எதிர்ப்புச் சக்தியைப் பயிர் ரகங்களுக்குக் கொண்டுவருவது பற்றி அவர் ஆராய்ந்தார். 1952-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, அமெரிக்காவிலும் ஆராய்ச்சி செய்து, 1954-ல் தாயகம் திரும்பினார்.

அதே நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதைத் தாங்கும் குப்ரி சுவர்ணா ரகம் பின்னர் வெளிவந்தது. எங்கோ ஒரு நாட்டுப் பாடம் நம் மலைக்கும் தேவைப்பட்டது.

மண்வளம் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும் என்று 1968-ல் வாரணாசி அறிவியல் மாநாட்டில் அவர் எச்சரித்தார்.

நம் வயலில் செய்ய வேண்டியது

கத்தரி, தக்காளி, வெண்டைச் செடி வாடினால் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த நிலத்தில் மறுபடியும் அதே பயிர்களை வைக்கக் கூடாது. அடுத்த போகம் நெல் அல்லது கேந்தி பயிரிடலாம். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடலாம். எலுமிச்சை மரம் சிறுகச் சிறுக நலிந்தால் வேரையும் மண்ணையும் எடுத்துச் சென்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டுங்கள்.

பிள்ளையை அனுப்பும் முன்

நம் மண், நீர், பயிருக்கு உதவும் பாடமா என்று கேளுங்கள். முதலில் உதவித்தொகைக்கு முயலுங்கள். ஆதிதிராவிடர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. நிலத்தை விற்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். படித்து வரும் பிள்ளை, கற்றதைச் செய்துபார்க்க ஒரு வயல் வேண்டுமல்லவா?