ஓட்டுக் கேட்கும் நீதிபதிகள்

அமெரிக்காவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக்கூட மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே! நியாயம் பிழைக்குமா?
– வாசகி, திண்டுக்கல்

எல்லா மாநிலங்களிலும் இல்லை. பல மாநிலங்களில் உண்டு. நீங்கள் கவலைப்பட வேண்டியது ஓட்டுப் போடுகிறவரைப் பற்றியல்ல, செலவு செய்கிறவரைப் பற்றி. 2004-ல் மேற்கு வர்ஜீனியாவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் போட்டியிட்ட பிரென்ட் பெஞ்சமின் ஜெயிப்பதற்காக ஒரு நிலக்கரி நிறுவனத் தலைவர் சுமார் 30 லட்சம் டாலர் இறைத்தார். பெஞ்சமின் ஜெயித்தார். அந்த நிறுவனம் 5 கோடி டாலர் நஷ்டஈடு தர வேண்டிய வழக்கு அதே நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்கு வந்தது. பெஞ்சமின் வழக்கிலிருந்து விலக மறுத்தார். நிறுவனத்துக்குச் சாதகமாகவே வாக்களித்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில்தான்!

தேர்தலுக்குப் பதிலாக நியமித்துவிட்டால் ஆளுங்கட்சிக்காரர்தானே வருவார் என்பீர்கள். அதற்குத்தான் மிசௌரி 1940-ல் ஒரு வழி கண்டது. குழு பரிந்துரைக்கும் மூவரில் ஒருவரை ஆளுநர் நியமிப்பார். பிற்பாடு மக்கள், அவர் தொடரலாமா வேண்டாமா என்று மட்டும் வாக்களிப்பார்கள். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் பண விளையாட்டு குறையும். ஆனாலும் கோபத்துக்குத் தடுப்பில்லை: ஒருபால் திருமணத்தை அனுமதித்த அயோவா நீதிபதிகளில் மூவரை, 2010-ல் இதே மாதிரி வாக்கெடுப்பில் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகவே என் ஓட்டு, குழு வழியாக நியமனம், நீண்ட ஒரே பதவிக்காலம், மறுதேர்தலே கிடையாது என்ற ஏற்பாட்டுக்கு.