ஐந்து பேர் இசை

நாகஸ்வரம் கேட்டே வளர்ந்தவன் நான். ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கும் மேல்நாட்டு சாஸ்திரிய இசை எனக்குப் பிடிபடுமா? எதில் ஆரம்பிக்கலாம்?
– வாசகர், ஏரல்

தாராளமாகப் பிடிபடும். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம் என்று கோயில் வாசலில் நீங்கள் கேட்டதும் ஐந்து பேர் இசைதானே!

இசையமைப்பாளர் ஷூபர்ட் 1819-இல், தம் 22-ஆம் வயதில் எழுதிய ‘ட்ரௌட்’ குவின்டெட்டில் (ஐவர் இசையில்) ஆரம்பியுங்கள். பியானோ, வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என ஐந்து கருவிகள். ட்ரௌட் என்பது ஆற்று மீன். தாமிரபரணிக் கரைக்காரரான உங்களுக்கு ஆற்று மீன் அந்நியமில்லை.

நேராக நான்காம் பகுதிக்குப் போங்கள். மீனைப் பற்றி ஷூபர்ட் முன்பே எழுதிய பாட்டின் மெட்டு அது. முதலில் தந்திக் கருவிகள் மட்டும் சொல்லும். அதைப் பியானோ வாங்கிக்கொள்ளும், அடுத்து வயோலா, பிறகு செல்லோவும் பாஸும். மெட்டு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். மூன்றாம் தடவை கேட்கும்போது ஐவரும் தனித்தனியாகக் காதில் விழுவார்கள்.

அந்தக் காதோடு உங்கள் சீமைக்காரர், நாகஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலத்தின் (1921–1964) பழைய ஒலிப்பதிவு ஒன்றையும் கேளுங்கள். நாகஸ்வரம் விட்ட இடத்தைத் தவில் எப்படி ஏந்துகிறது என்பது புதிதாகப் புலப்படும்.