நீரிழிவும் கேழ்வரகுக் களியும்

வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்த நீர்மத்தில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் சர்க்கரை இருமுறை காணப்படின், அது நீரிழிவு எனப்படும்.

நோய் புதிதாக அறியப்பட்டவர், “சோற்றை விட்டுக் களியை வேண்டுமட்டும் உண்ணலாமா?” என்று வினவக்கூடும். கேழ்வரகு நெடுங்காலமாக வழங்கும் கர்நாடகத்தில், பெங்களூரு லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் பணிபுரியும் ஊழியர் இதற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும்.

கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. எனினும் அதன் பெரும்பகுதி மாவுப்பொருளே. நன்கு அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அது விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். ஆகவே தானியத்தை மாற்றினால் மட்டும் போதாது. அளவும் குறைதல் வேண்டும்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, கால் பங்கு களி அல்லது சோறு. வாரம் 150 நிமிட விரைவு நடை. சர்க்கரை குறைந்தது கண்டு மருந்தைத் தாமே நிறுத்தலாகாது.

அச்சுறுத்துவதினும், அவரவர் வீட்டுத் தட்டிலேயே பங்கிட்டுக் காட்டுவது பயன் தரும்.