தலைமையும் வாய்மையும்

தேயிலைத் தோட்டத்தில் வாழும் நமக்குத் தராசின் அருமை நன்கு தெரியும். நாள் முழுவதும் மலைச்சரிவில் நின்று சேர்த்த கொழுந்தை நிறுக்குமிடத்தில், தராசு காட்டும் எடையும் ஏட்டில் எழுதப்படும் எடையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அவை வேறுபடின், எழுதியவர் வாய் திறவாமலேயே பொய்யுரைத்தவர் ஆகின்றார். பொதுவாழ்விலும் இவ்வாறு வாயாற் சொல்லப்படாத பொய்கள் உள. அவற்றுள் ஒன்று நம் கேமரன் மலைத் தொகுதியிலேயே நீதிமன்றம் வரை சென்றது.

2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் நடைபெற்ற பொதுத்தேர்தலில், இந்நாடாளுமன்றத் தொகுதியில் சி. சிவராஜ் 597 வாக்குகள் வேறுபாட்டில் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டார். தோல்வியுற்ற எம். மனோகரன் வழக்குத் தொடுத்தார். ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் வழங்கப்பட்டது என்பதே அவ்வழக்கு. சாட்சியங்களை ஆராய்ந்த தேர்தல் நீதிமன்றம், வாக்கைப் பெறும் நோக்கத்துடன் பணம் கொடுக்கப்பட்டதெனக் கண்டு, அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் அத்தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2019 சனவரி 26ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமது நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி ஆனார்.

"ஏழைக்குக் கொடுத்தது உதவிதானே? இதிற் பொய் எங்கே?" என்று சிலர் வினவக்கூடும். மாணவச் செல்வங்களே, இவ்வினாவை நீங்கள் நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். உதவி என்பது எந்நாளும் செய்யத்தக்கது. வாக்களிக்கும் நாள் நெருங்கும்வரை அது காத்திருப்பதில்லை. தேர்தற் காலத்தில் பணம் நீட்டும் கை, "உன்மேல் எனக்கு அன்பு" என்கின்றது. உள்ளமோ, "இது உன் வாக்கின் விலை" என்கின்றது. பின்னர் அக்குடும்பம் சாலை வேண்டும், நல்ல குடிநீர் வேண்டும் என்று கேட்க நேர்ந்தால், விற்றுத் தீர்ந்த பொருளுக்கு மேலும் விலை கேட்பவரைப் போல் தலைகுனிந்து நிற்க வேண்டியதாகும்.

இம்மலையில் தேயிலை வேர்விடும் முன்பே வாழ்ந்து வருபவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். அவர்களை ஏளனமாகப் பேசுதல் நமக்குத் தகாது. வறுமை எங்குண்டோ அங்கெல்லாம் இவ்வலை விரிக்கப்படும்; நம் லயங்களும் அதற்கு விலக்கல்ல. 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம், வாக்கிற்காகப் பணம் கொடுப்பவரை மட்டுமன்றிப் பெறுபவரையும் குற்றவாளியாகவே கருதுகின்றது என்பதைப் பெற்றோர் மனங்கொள்ள வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை 'வாய்மை' என்னும் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். ஆயினும், அப்பண்பு துறவியைவிட நாடாள்வோர்க்கே மிகுதியாகத் தேவைப்படுகின்றது என்பது என் கருத்து. துறவியின் பொய் அவரையே கெடுக்கும். தலைவரின் பொய் ஒரு தொகுதியையே கெடுக்கும்.

மக்களுக்குப் பணம் கொடுத்து வாக்குக் கேட்பவர்களைக் கண்டோம். மக்களிடமே பணம் கேட்டு வந்த தலைவர் ஒருவரை நம் மூத்தோர் அறிவர். அவரே துன் வீ. தி. சம்பந்தன். 1957இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி ஐரோப்பிய முதலாளிகள் பலர் தம் இரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர். வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தொழிலாளர் தவித்தனர். அந்நிலையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அமைச்சராயிருந்த சம்பந்தன் தோட்டந்தோறும் சென்றார். மாதம் பத்து வெள்ளியாகச் சேமித்து நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைப் பெறுமாறு பாட்டாளிகளிடம் எடுத்துரைத்தார்.

பத்து வெள்ளி அக்காலத் தொழிலாளிக்குச் சிறு தொகையன்று. இனிக்கும் சொல் சொல்லிப் பரிசு வழங்கிச் செல்வது எளிது. "உன் பணத்தைத் தா, நிலமாக்கித் தருகின்றேன்" என்று கேட்பது எளிதன்று. கேட்டவர் அடுத்த ஆண்டும் அதே மக்கள்முன் வந்து கணக்குச் சொல்ல வேண்டுமன்றோ? 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பால் வெட்டும் கையால் பத்துப் பத்து வெள்ளியாக எண்ணிக் கொடுத்தவர்கள் அந்நிலத்தின் பங்குதாரர் ஆயினர்.