மைத்தொட்டி வாங்குமுன் பக்கங்களை எண்ணுங்கள்

உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் பிரின்டர் இன்று ஒரு கௌரவப் பொருள். எலுவன்குளம், வண்ணாத்திவில்லுப் பக்கம் நான் காண்பது இதுதான். கூட்டாளி வீட்டில் மைத்தொட்டி பிரின்டர் இருக்கிறது, எனக்கும் அதுவே வேண்டும் என்று பிள்ளை நிற்கும். இல்லாவிட்டால், "விலை கூடினதை வாங்கு, அதுதான் உழைக்கும்" என்று வெளிநாட்டிலிருந்து வாப்பா காசு அனுப்புவார். மாதம் எத்தனை பக்கம் எடுக்கப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

மாதம் ஐந்தாறு தாள்தான் என்றால் கொமியூனிகேஷன் கடை போதும். கறுப்பு எழுத்து மட்டும், அதுவும் கட்டுக்கட்டாக என்றால் லேசர், தூள் காய்ந்துபோகாது. இவை தெரிந்த விடயங்கள். நான் சொல்ல வந்தது மைத்தொட்டியைப் பற்றி.

வெளியே தொட்டி வைத்து, குழாய் பூட்டி, பிரின்டருக்கு மலிவு மை ஊட்டும் வழக்கம் ஆசிய நாடுகளில் பரவிய பிறகு, எப்சன் நிறுவனமே 2010இல் இந்தோனேசியாவில் தொட்டியோடு கூடிய பிரின்டரை விற்கத் தொடங்கியது. அதன் 003 கறுப்பு மைப் போத்தல் 65 மில்லிலீட்டர். சுமார் 4,500 பக்கம் வரும் என்கிறது நிறுவனம். மாதம் 30 பக்கம் எடுக்கும் வீட்டுக்கு அது பன்னிரண்டரை வருட மை! பிள்ளை படித்து முடித்து வேலைக்கும் போய்விடும். எப்சனின் இந்த வகையில் அச்சுத்தலை இயந்திரத்தோடு பொருத்தப்பட்டது. முடியிலும் நுண்ணிய அதன் துளைகள், சோழகம் அடிக்கும் மாதங்களில் வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் அடைத்துக்கொள்ளும். 'ஹெட் கிளீனிங்' கொடுக்கக் கொடுக்க, காசு கொடுத்து வாங்கிய மை அடியிலுள்ள கழிவுப் பஞ்சில் சேரும். பஞ்சு நிறைந்ததென்று கணக்கு வந்ததும் இயந்திரம் நின்றுவிடும். தலையே போனால் புத்தளம் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாற்றும் செலவைக் கேட்டுவிட்டுப் பலர் அப்படியே திரும்புகிறார்கள். தினமும் அச்சிடும் கடைக்கும் டியூஷன் வகுப்புக்கும் மைத்தொட்டியை மிஞ்சியது இல்லை. லீவுக்குப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

என் கை எப்போதும் போவது, அச்சுத்தலை காட்ரிஜிலேயே இருக்கும் சின்னப் பிரின்டருக்குத்தான்: எச்பி 680, கெனன் 745 போன்றவை போடுபவை. எவ்வளவு மோசமாக அடைத்தாலும் காட்ரிஜை மாற்றினால் தீர்ந்தது, இயந்திரம் பிழைத்துக்கொள்ளும். 745 கறுப்பில் ஏறக்குறைய 180 பக்கம்தான் வரும், அதனால்தான் ரீஃபில்.

ரீஃபில் செய்ய மை முற்றாகத் தீரும்வரை காத்திராதீர்கள். இவற்றில் ஒரு நுண்ணிய சூடாக்கி மையை நொடிப்பொழுதில் 300 பாகைக்கு மேல் சுடவைத்து, எழும் குமிழால் துளியைத் தள்ளுகிறது. மை இல்லாமல் சுட்டால் அது கருகும். எழுத்தில் முதல் வெள்ளைக் கோடு விழுந்ததுமே நிறுத்துங்கள். மேலுள்ள ஸ்டிக்கரை உரித்து, நிறக் காட்ரிஜ் என்றால் எந்தத் துளை எந்த நிறம் என்று பல்குத்தும் குச்சியால் தொட்டுப் பார்த்து, சிரிஞ்சால் மையைப் பஞ்சுக்குள் மெல்ல இறக்குங்கள். மை மேலே கசிந்தால் போதும். கறுப்புக்கு பிக்மென்ட் மை, நிறங்களுக்கு டை மை. பிறகு ஈரத் துணியில் தலையை ஒற்றி, தெளிவான கோடு வருகிறதா பாருங்கள். 'மை தீர்ந்தது' என்று கணினி சொல்லும். அது புதிதாக ஊற்றிய மையை அறியாது. கெனனில் ஸ்டொப் பட்டனை ஐந்து வினாடிக்கு மேல் அமத்திப் பிடித்தால் வேலை தொடரும்.

ரீஃபில் வேலை எல்லாக் கைக்கும் வராது. மூத்த மகன் என்பதற்காக அவனிடம் சிரிஞ்சைக் கொடுக்காதீர்கள். மருதாணிக் கோடு பிசகாமல் போடும் தங்கச்சியிடம் கொடுங்கள். உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும்போதும் பெற்றோர் இதைத்தான் பார்க்க வேண்டும்: பிள்ளையின் கை எதில் அவசரப்படாமல் நிற்கிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளை எதைப் படிக்கிறது என்பது அப்புறம். பொறுமையாகச் செய்யும் பிள்ளை முதல் தடவை மேசையெல்லாம் மை சிந்தினாலும் ஏசாதீர்கள். இரண்டாம் தடவைக்கு விடுங்கள்.

எந்த மைப் பிரின்டரானாலும் வாரம் ஒரு பக்கம் எல்லா நிறமும் வரும்படி எடுங்கள். சுவர் சுவிட்சை நேரே அணைக்காமல் பிரின்டரின் பட்டனால் முதலில் நிறுத்துங்கள். அப்போதுதான் தலை தன் மூடிக்குள் போய் அமரும்.