திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டுகள் ஏன்?

கேள்வி: பழைய கப்பல்களில் திசைகாட்டியின் இருபுறமும் இரண்டு இரும்புக் குண்டுகள் இருக்கின்றன. இரும்பு பக்கத்தில் இருந்தால் காந்த ஊசி தப்பாகக் காட்டும் என்கிறார்கள். பிறகு ஏன் அங்கேயே இரும்பை வைத்தார்கள்? இது யாருடைய யோசனை?

பதில்: கப்பலில் உள்ள இரும்பின் இழுப்பை இன்னோர் இரும்பைக் கொண்டே ஈடுகட்டத்தான். இதற்கு உரியவராக வழக்கமாகச் சொல்லப்படுபவர் இயற்பியலாளர் கெல்வின். 1876இல் அவர் காப்புரிமை பெற்ற திசைகாட்டியோடுதான் இந்தக் குண்டுகள் உலகெங்கும் பரவின. ஆனால் யோசனையின் வேர் அவருக்கு முந்தியது. இரும்பு ஊசியை இழுக்கும் என்று முதலில் சொன்னவரிடமும் அந்த வேர் இல்லை. 1538இல் இந்தியாவுக்கு வந்த போர்த்துகீசியர் ஜோவா தெ காஸ்த்ரோ, கப்பலின் பீரங்கிகள் ஊசியைத் திருப்புவதைக் கண்டு எழுதிவைத்தார். அதனால் பிறந்த எச்சரிக்கை, இரும்பைத் தள்ளி வை என்பது மட்டுமே. பிழை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது என்று தெரிந்த பிறகுதான் அதைத் திருத்த முடியும்.

அந்த ஒழுங்கைக் கண்டவர் மாத்யூ ஃபிளிண்டர்ஸ். 1801 முதல் 1803 வரை ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் ஆஸ்திரேலியக் கரையை அளந்தபோது, கப்பலின் முகம் திரும்பத் திரும்ப ஊசியின் பிழையும் மாறுவதைக் கவனித்தார். முகம் வடக்கிலோ தெற்கிலோ இருந்தால் பிழை சொற்பம். கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் அதிகம். பூமியின் வடபாதியில் ஒரு பக்கம் சாய்ந்த ஊசி, தென்பாதியில் மறுபக்கம் சாய்ந்தது. ஆகவே இரும்பு சும்மா இழுக்கவில்லை, பூமியே அதைக் காந்தமாக்குகிறது என்று முடிவுகட்டினார். மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டிருந்தபோது அவர் அனுப்பிய கட்டுரை 1805இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. பூமியால் காந்தமாகும் இரும்பை, அதே பூமியால் காந்தமாகும் இன்னோர் இரும்பு ஈடுகட்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் வழி. திசைகாட்டி அருகே செங்குத்தாக நிறுத்தும் தேனிரும்புத் தண்டு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. குண்டுகளின் வேலையும் அதேதான்: கப்பலின் உடல் ஊசியை ஒரு பக்கம் இழுத்தால், அவை மறுபக்கம் இழுக்கின்றன, கப்பல் திரும்பும்போது இரண்டு இழுப்பும் சேர்ந்தே மாறுகின்றன. கெல்வினின் திறமை ஊசியைக் குட்டையாக்கியதில் இருந்தது. பழைய நீண்ட ஊசிகள் பக்கத்து இரும்பையும் காந்தமாக்கிக் கணக்கைக் கெடுத்தன.

இது அவ்வளவு எளிதா என்று கேட்கலாம். அன்றே கேட்டார்கள். கட்டும்போது சம்மட்டி அடி வாங்கும் இரும்புக் கப்பல் தானே ஒரு காந்தமாகிவிடுகிறது. 1838இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி காந்தங்களையும் தேனிரும்பையும் வைத்து அதனால் வரும் பிழையைத் திருத்திக் காட்டினார். கப்பலில் ஏறிய காந்தம் அலை மோதமோத மாறும், திருத்தத்தை நம்பக் கூடாது என்று வாதிட்டார் கடலோடி வில்லியம் ஸ்கோர்ஸ்பி. 1854 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட ‘டெய்லர்’ என்ற புது இரும்புக் கப்பல், தெற்கே போவதாக எண்ணி மேற்கே போய், அயர்லாந்தின் லாம்பே தீவில் மோதியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பழக்கமில்லாத மாலுமிகளும் அதற்குக் காரணம்தான், பழி முழுவதும் ஊசிமேல் விழாது. ஆனாலும் ஸ்கோர்ஸ்பி சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காகத் திருத்தம் கைவிடப்படவில்லை; திருத்திய பிறகும் மிஞ்சும் பிழையை அட்டவணையாக எழுதி, அவ்வப்போது சரிபார்க்கும் வழக்கம் சேர்ந்துகொண்டது.

ஜிபிஎஸ் வந்தபின் இதெல்லாம் எதற்கு? ஜிபிஎஸ் இருக்கும் இடத்தைச் சொல்லும். நின்றுகொண்டிருக்கும் படகின் முகம் எந்தப் பக்கம் என்பதை ஒற்றைக் கருவியாக அதனால் சொல்ல முடியாது. மின்சாரம் போனால் எதையும் சொல்லாது. ஊசிக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் ஒரு பாகை பிழை அறுபது கடல் மைலில் ஏறக்குறைய ஒரு மைல் விலக்கிவிடும். அதற்குப் பீரங்கி தேவையில்லை. திசைகாட்டியருகே வைத்த ஒலிபெருக்கியோ கைபேசியோ போதும். சோதிக்கும் முறையும் ஃபிளிண்டர்ஸ் காலத்ததுதான்: தொலைவிலுள்ள கலங்கரை விளக்கத்தைக் குறிவைத்து, படகை நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுத் திருப்புங்கள். விளக்கம் இருக்கும் திசை மாறுவதாக ஊசி காட்டினால், மாறியது விளக்கம் அல்ல.